வலைப் பக்கம், வீட்டுப் பக்கம்

அவனுக்குக் கத்தரி என்று பெயர் வைத்தது யார் என்று தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இப்போது யாருக்கும் நினைவில்லை. சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருக்கும். அதை யார் பார்க்கப் போகிறார்கள்? தொலைபேசிக் கம்பியில் அனுமதியில்லாமல் எதையாவது மாட்டியிருந்தால், மோப்பம் பிடித்துப் போய் வெட்டிவிட்டு வருவது அவன் வேலை. நிலையத்தின் முத்திரை ஒட்டிய கருவி என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவான். முத்திரை இல்லையா, அது எவ்வளவு பெரிய மனிதர் வீட்டுக் கருவியாக இருந்தாலும் கத்தரிதான்.

மக்கள் கம்பியில் எதையெல்லாம் மாட்டுவார்கள் என்று அவனைக் கேட்டால் பொழுது போவதே தெரியாது. நோயாளிகள் போடும் சத்தத்தில் போன் மணி காதில் விழவில்லை என்று தொழிற்சாலைச் சங்கை மாட்டிவைத்த ஒரு பல் வைத்தியர் இருந்தார். மீன் தொட்டி விளக்குக்குப் போன் கம்பியிலிருந்து மின்சாரம் இழுத்த ஒரு கணக்காளர் இருந்தார். மீன்கள் செழிப்பாக இருந்தன, தெரு முழுக்கப் போன்கள் குய்யோ முறையோ என்று கத்தின. எல்லோருக்கும் அவன் ஒரே பாட்டைத்தான் படிப்பான். "கம்பி உங்க வீட்டுக்குள்ள இருக்கலாம். ஆனா அது உங்களோடது இல்ல. அதோட அந்த முனையில ஊரே தொங்குது." நியாயமான பேச்சுதான். தினமும் நியாயம் பேசுகிறவனை யாருக்கும் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

அவனிடம் ஒரு நல்ல பழக்கமும் இருந்தது, சொல்லிவிட வேண்டும். எந்தக் கம்பி ஜோடியைத் தொடுவதற்கு முன்னாலும் இடுப்பில் தொங்கும் சோதனைப் போனின் கொக்கிகளை அதில் மாட்டி, யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்பான். பேசினால் முடியும்வரை காத்திருப்பான். ஒருவர் பேச்சை நடுவில் வெட்டுவது அந்தத் தொழிலில் பெரிய பாவம்.

அவனுக்கு வேலை பிடித்துக் கொடுப்பது முள்ளம்மா. சோதனை மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க ஒரு மானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பவர் என்பதால் அந்தப் பெயர். நேரில் எல்லோருக்கும் அவர் மேடம். மேசையிலிருந்து ஒரு கம்பிக்குள் சின்னதாக மின்சாரத்தைத் தள்ளினால் முள் ஒரு தரம் துள்ளி விழும். மறுமுனையில் எத்தனை போன் மணி தொங்குகிறதோ அந்த அளவுக்கு உயரமாகத் துள்ளும். ஒரு மணி இருந்தால் இவ்வளவு, இரண்டு இருந்தால் இவ்வளவு என்று அந்த அம்மாவுக்குக் கண்ணிலேயே கணக்கு. வீட்டுக்காரர் ஒரே போன்தான் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். கத்தரி உள்ளே போய்ப் பார்த்தால் கட்டிலுக்கடியில் இன்னொன்று இருக்கும்.

ஒருநாள் காலை முள்ளம்மா அவனைக் கையசைத்துக் கூப்பிட்டார். வழக்கமாக மேசையிலிருந்தே கத்துகிறவர்.

"இந்த நம்பருக்கு நாம கொடுத்தது ஒரு மணி. முள்ளு மூணு சொல்லுது. நேத்து ரெண்டு சொல்லிச்சு."

கத்தரி எண்ணைப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"இது எங்க அக்கா வீடு, மேடம்."

"தெரியும். அதான் மெதுவா சொல்றேன்."

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். துணி திருத்திக் கொடுக்கும் தொழில். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்ததை இழை தெரியாமல் தைப்பது. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாத மனிதர். மச்சானைக் கண்டால் உடனே தன் சட்டைப் பொத்தானைப் பொத்திக்கொண்டு, "முத்திரை இல்லாத பொத்தான் மச்சான், வெட்டிடாதே" என்பார். போன வருஷம் வெளியூரில் ஒரு கட்டடத்து வேலைக்குப் போனவர், விடுதிக் கூடத்துப் போனிலிருந்து ஒருநாள் மத்தியானம் மனைவியைக் கூப்பிட்டார். ஜன்னல் திரை என்ன நிறத்தில் வாங்குவது என்று இரண்டு பேரும் செல்லச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "இரு, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்றார். அவ்வளவுதான். மாரடைப்பு.

அவள் அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று தெரியாமல் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். விளையாடுகிறார் என்று நினைத்தாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. சாயங்காலம் எக்ஸ்சேஞ்சில் யாரோ அந்த இணைப்பை விடுவித்தார்கள். அப்போதும் அவள் கையை விரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தவன் தம்பி. சடங்கெல்லாம் முடிந்து, அழுகையெல்லாம் ஓய்ந்த பிறகு அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவர் என்னடா சொல்ல வந்திருப்பார்?" திரையின் நிறமாக இருக்கும் என்று அவன் சொன்னான். அந்தப் பதிலுக்காகத் தன்னையே அவனால் மன்னிக்க முடிந்ததில்லை.

முள் மூன்று காட்டிய அன்றே கத்தரி அக்கா வீட்டுக்குப் போனான். வாடிக்கையாளர்களின் துணிகள் தொடாமல் மலையாகக் குவிந்திருந்தன. அக்கா தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள்; போன் இயந்திரத்துக்குப் பக்கத்து முக்காலியில், ரிசீவர் அவள் காதில். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தம்பியைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்துப் பேசாமல் இருக்கச் சொன்னாள். பிறகு ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "சாப்பிட்டியாடா?" என்றாள்.

"நீ சாப்பிட்டியா?"

"பேசிட்டு இருக்கேன் இல்ல?"

அவன் வீட்டைப் புரட்டினான். கட்டிலுக்கடி, பரண், மாடிப்படியின் கீழே, சமையலறை அலமாரியின் பின்பக்கம். கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலிருந்து முக்காலி வரை விரலால் தடவிக்கொண்டே வந்தான். ஒரு கிளை கிடையாது, ஒரு ஒட்டு கிடையாது. ஒரே போன், அதன் வயிற்றில் முத்திரை.

"என்னத்தத் தேடற? என்கிட்ட கேட்டா சொல்ல மாட்டேனா?"

"உன் கம்பியில வேற என்னவோ மாட்டியிருக்குக்கா. மூணு மணி இருக்குன்னு காட்டுது."

"மணியா? மணி அடிக்கறதே இல்ல. நான் எடுத்தா அவங்க இருக்காங்க."

அவன் சோதனைப் போனைக் கம்பியில் மாட்டிக் கேட்டான். டயல் டோன் வந்தது. அதற்கு அடியில், சத்தம் என்று சொல்ல முடியாத ஒன்று இருந்தது. ஓர் அறை நிறைய ஆட்கள் நின்றுகொண்டு, ஒருவரையொருவர் பேசாதே என்று சைகை காட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் பக்கத்துக் கம்பிப் பேச்சு கலப்பது சகஜம் என்றான். மழை பெய்து வெகுநாள் ஆகியிருந்தது.

"கலக்கறதெல்லாம் இல்லடா. வரிசை," என்றாள் அக்கா. "ஒருத்தர் எடுப்பாங்க. ஏதாவது ஒரு வார்த்தை சொல்வாங்க. அப்புறம் பின்னால இருக்கறவங்ககிட்ட ரிசீவரைக் கொடுப்பாங்க. கொடுக்கற சத்தம் நல்லாக் கேக்கும். உங்க அத்தான் கடைசியில நிக்கிறார். கொஞ்சம் கொஞ்சமா முன்னால வந்துட்டு இருக்கார்."

"யாருக்கா அவங்கல்லாம்?"

"எனக்கென்ன தெரியும்? நல்லவங்கதான். அவருக்கு வழி விடறாங்க இல்ல?"

கத்தரி சோதனைப் போனைக் கழற்றி இடுப்பில் மாட்டினான். துக்கத்தில் புத்தி கொஞ்சம் தடுமாறிவிட்டது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தான். தெருமுனை வரை அந்த நினைப்பு ஆறுதலாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான் உறைத்தது. அக்காவுக்குப் புத்தி தடுமாறியது சரி, முள்ளுக்கு என்ன வந்தது?

மறுநாள் முள் இன்னும் உயரமாகத் துள்ளியது. அதற்கடுத்த நாள், முள்ளம்மா எண்ணிக்கை சொல்வதை நிறுத்திவிட்டார். "நீ இதுக்கு ஏதாவது பண்ணு. அந்தக் கேபிள்ல இருக்கற மத்த கம்பியெல்லாம் இழுபடுது. மேல தெரிஞ்சா காவல் பெட்டி மாட்டச் சொல்வாங்க, இல்ல இணைப்பையே எடுத்துடுவாங்க."

இணைப்பை எடுத்தால் அக்கா செத்துப்போவாள் என்று கத்தரிக்கு நன்றாகத் தெரியும். அதனால் காவல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

காவல் பெட்டி ஒன்றும் பெரிய சமாசாரமில்லை. உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பெட்டி. ஒரு முனையில் வலை மாதிரிக் கோடுகள் போட்டிருக்கும், அது எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் கம்பிக்கு. மறுமுனையில் குட்டி வீடு வரைந்திருக்கும், அது வீட்டுப் போனுக்கு. வீட்டிலிருந்து வலைக்குள், அதாவது ஊர்க் கம்பிகளுக்குள், அளவுக்கு மேல் எதுவும் போகாமல் அது மறித்துவிடும். வீட்டுப் பேச்சும் சற்று மெலிந்துதான் போகும். வாடிக்கையாளர்கள் அதற்குத் திட்டுவார்கள். வலையிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு எந்தத் தடையும் கிடையாது. வலைதானே எஜமான்! எஜமானை யார் வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள்?

கதவோரம் கம்பி நுழையும் இடத்தில் பெட்டியை அம்சமாக மாட்டினான். வலை வலைப் பக்கம், வீடு வீட்டுப் பக்கம். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் அவன் எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது அவளே கூப்பிட்டாள். முள்ளம்மாதான் ரிசீவரை நீட்டினார். அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து வந்தது.

"தம்பி, நீ என்னத்தடா மாட்டிட்டுப் போனே? நான் பேசறது அவங்களுக்குச் சரியா கேக்கலையாம்."

"யாருக்குக்கா?"

"எல்லாருக்கும்தான். பரவால்ல, கேக்கலேன்னா நாங்களே கிட்ட வந்துடறோம்னு சொல்றாங்க."

அவள் குரலுக்குப் பின்னால் யாரோ ஓர் ஆண்பிள்ளை செருமினார். அது கம்பியில் கேட்ட செருமல் இல்லை. அறையில் கேட்ட செருமல். பதினைந்து வருஷமாகப் போனில் காது வைத்தே பிழைப்பவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?

"அக்கா, வீட்ல யார் இருக்கா?"

"இன்னும் யாரும் வரலடா," என்றாள் அவள், விருந்தாளிகளுக்குப் பாய் விரித்து வைத்தவள் மாதிரி.

கத்தரி மேசையைப் பார்த்தான். முள்ளம்மா சோதனைச் சாவியைத் தட்டினார். முள் துள்ளவில்லை. ஒரேயடியாக எழும்பி, மானியின் கடைசியில் இருக்கும் குச்சியில் இடித்து, அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த அம்மாவின் முகம் வெளுத்தது.

"பெட்டி மாட்டினப்புறம் வீட்டுப் பக்கம் என்ன இருந்தாலும் எனக்குத் தெரியக் கூடாது, கத்தரி. பெட்டியோட நின்னுடணும்."

"ஆமா."

"அப்ப இதெல்லாம் வீட்ல இல்ல. நம்ம பக்கம் இருக்கு."

இரண்டு பேரும் எழுந்து சட்டத்துக்கு ஓடினார்கள். ஊரிலுள்ள எல்லாக் கம்பிகளும் வந்து முடியும் இரும்புச் சட்டம் அது. அக்காவின் கம்பி ஜோடியைக் கண்டுபிடித்து முள்ளம்மா கையாலேயே உருவினார். வெறும் கம்பி அவர் விரல்களுக்கு நடுவில் ஆடியது. இனி அந்த எண்ணில் எதுவும் கிடையாது. கேபிள் கிடையாது, தெரு கிடையாது, வீடு கிடையாது. திரும்பி வந்து பார்த்தார்கள். முள் குச்சியை விட்டு இறங்கவில்லை. அதற்கு மேலே, அந்த எண்ணில் பேச்சு நடக்கிறது என்று காட்டும் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கம்பி என் கையில இருக்கு," என்றார் முள்ளம்மா. "அந்தப் பொண்ணு யாரோட பேசிட்டு இருக்கா?"

வெட்டினால் சரியாகிவிடும் என்று வாழ்நாள் முழுக்க நம்பியவன் கத்தரி. வெட்டியாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. நிலையத்தின் அலமாரிகளில் விதிகள் குவிந்து கிடக்கின்றன. எந்த மணி மாட்டலாம், எத்தனை மாட்டலாம், எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று வீட்டிலிருந்து வலையைக் காப்பதற்கு அத்தனை விதி. வலையிலிருந்து வீட்டைக் காப்பதற்கு ஒரு விதிகூடக் கிடையாது. யாருக்கும் அது தோன்றவே இல்லை. அவனுக்கும்தான் தோன்றவில்லை, அந்தக் கோபம் அவனுக்குத் தன்மேலேயே வந்தது. அவளுடைய குரல் வலைக்குள் போகாமல் மறித்தவன் அவன். அவர்களைக் கிட்ட வரவழைத்தவன் அவன்.

"பெட்டியத் திருப்பி மாட்டினா என்ன ஆகும், மேடம்? வலை முனைய வீட்டுக்கு, வீட்டு முனைய வலைக்கு."

"அது பெரிய குத்தம். வேலை போயிடும்," என்றார் முள்ளம்மா. சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையிலிருந்து நல்ல திருப்புளி ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தார். "பெட்டி வேலை செய்யணுமே, நான் கம்பியைத் திருப்பிச் சொருகிடறேன். நீ ஓடு."

அவன் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலைத் தாண்டியதும் அவன் ஒரு காரியம் செய்தான். செய்த பிறகுதான் அது அவனுக்கே தெரிந்தது. உடம்பை ஒருக்களித்து, தோளைக் குறுக்கிக்கொண்டு, "கொஞ்சம்" என்று முணுமுணுத்தபடி உள்ளே போயிருந்தான், நெரிசலான பஸ்ஸில் முன்னால் போகிறவனைப் போல. அறையில் அக்காவைத் தவிர யாரும் இல்லை. துணி மூட்டைகளெல்லாம் சுவரோரம் ஒதுக்கி வைக்கப்பட்டு, நடுவில் இடம் விடப்பட்டிருந்தது. காற்று, கதவைச் சாத்திவைத்த சினிமாக் கொட்டகையில் இருப்பதுபோல் புழுங்கியது. போனின் மணி முழுசாக அடிக்காமல், டிக், டிக் என்று நாக்கு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அக்காவின் முகத்தை அவன் அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. ரயில் வந்து நின்று, ஜன்னல் ஜன்னலாகத் தேடி, ஆளைக் கண்டுகொள்ளப் போகிற முகம். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. மூக்கு நுனி வெளுத்திருந்தது. அவன் அவள் கையைத் தொட்டான். தண்ணீர்க் குழாய் மாதிரிச் சில்லென்று இருந்தது.

அவன் கதவோரம் பெட்டிக்குப் போனதும்தான் அவளுக்குக் குரல் வந்தது.

"டேய், தொடாதே. ஒரே ஒரு ஆள்தான்டா. அவருக்கு முன்னால இன்னும் ஒரே ஒரு ஆள்."

"அக்கா, நீ செத்துடுவே."

"அவர் சொல்ல வந்ததைக் கேட்டுக்கறேன். அது போதும். அப்புறம் நீ வெட்டு, கொளுத்து, என்ன வேணாப் பண்ணு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்டா."

கும்பிடுவதற்கு அவளுக்கு ஒரு கைதான் இருந்தது. இன்னொன்று ரிசீவரைப் பிடித்திருந்தது. அதைப் பார்த்து அவன் அழுதுவிட்டான். அழுதுகொண்டேதான் திருகுகளைக் கழற்றினான். யாரோ அவன் முதுகுக்குப் பின்னால் மிகவும் நெருங்கி, என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்ப்பது தெரிந்தது. திரும்பவில்லை.

வலையிலிருந்து வந்த கம்பி ஜோடி பெட்டியை விட்டு வெளியே வந்தது. அக்காவின் ரிசீவர் அந்த நொடியில் ஊமையாயிற்று. "ஹலோ, ஹலோ" என்று அவள் அலறினாள். கத்தரியின் கை சும்மா இருக்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், சோதனைப் போனின் கொக்கிகளை எடுத்து வெறும் கம்பியில் மாட்டிவிட்டது. யாராவது பேசிக்கொண்டிருந்தால் நடுவில் வெட்டக் கூடாது அல்லவா?

துணி உரசும் சத்தம். ரிசீவர் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் சத்தம். "இந்தாங்க, பேசுங்க," என்றது ஒரு பெண் குரல், அன்பாகவே. பிறகு அத்தானின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, ஜன்னல் திரைச் சண்டையின் சிரிப்பு இன்னும் மிச்சம் இருக்க.

"இரு, நான் என்ன சொல்ல வந்தேன்னா, போனை வெச்சிடு. நீ இன்னும் வெக்கவே இல்ல. அது திறந்தே கிடக்கு, சத்தம் கேட்டு எல்லாரும் வராங்க. நீயா வெச்சாத்தான் போவாங்க. வெச்சிடும்மா."

"அத்தான்," என்றான் கத்தரி.

அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் முகத்தைத் திருப்பியதுபோல் இருந்தது. பிறகு நிறையப் பேர், மெதுவாக, அவன் குரல் வந்த திசையில் நகர ஆரம்பித்தார்கள்.

அவன் கொக்கிகளைப் பிய்த்தெறிந்தான். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி, வலைக் கோடுகள் வீட்டைப் பார்க்க, குட்டி வீடு தெருவைப் பார்க்கத் திருகினான். கடைசித் திருகு இறுகியதும் மணியின் நாக்கு ஆடுவது நின்றது. புழுக்கம் போயிற்று. தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் சாதாரணமாகக் கேட்டது. அறையில் இப்போது இரண்டே பேர் இருந்தார்கள். தோளை இறக்கிவிட்டுக்கொள்ள முடிந்ததால் அவனுக்கு அது தெரிந்தது.

அக்கா ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கன்னத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. டயல் டோன்கூட இல்லாத வெறும் மௌனம் அவள் காதில்.

"ஒருத்தரும் இல்லடா," என்றாள். "ஒருத்தரையும் விடலியே நீ."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்தான். "அவர் பேசினார்க்கா. நான் கேட்டேன். என் காதால கேட்டேன்."

அவள் கண்கள் விரிந்தன. ஒரு வருஷமாக அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்த கேள்வி அது. "என்ன சொன்னார்?"

"போனை வெச்சிடுன்னார். நீயா வெச்சாத்தான் எல்லாரும் போவாங்களாம். வெச்சிடும்மான்னு சொன்னார்."

இத்தனை வருஷத்தில் ஊரே அவனைக் கத்தரி என்றபோதும் அக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

"இது அவர் சொன்னதா? இல்ல, கத்தரி சொல்றதா?"

"உன்மேல சத்தியமா அவர்தான்க்கா சொன்னார்."

"ஊர்ல ஒரு வீடு விடாமப் போயி நீ சொல்றது இதானேடா. போனை வை, கம்பியை விடு, உன்னோடது இல்லன்னு. அதையே அவர் வாயில போட்டுட்டியா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "பெட்டியத் திருப்பு. அவர் சொன்னாருன்னா நானே கேக்கறேன். கேட்டதும் வெச்சிடறேன்."

திருப்புளி அவன் கையில்தான் இருந்தது. திருப்பினால் அத்தான் சொல்வார். ஒருவேளை முதலில் அத்தான் சொல்வார். ஒருவேளை, அவருக்கு முன்னால் மற்றவர்கள் வந்துவிடுவார்கள். கத்தரி திருப்புளியைப் பையில் போட்டான். அவளை உலுக்கி, கெஞ்சி, ரிசீவரைப் பிடுங்கி அவனே போன் மேல் வைத்தும் பார்த்தான். எக்ஸ்சேஞ்சில் அந்த விளக்கு அணையவில்லை என்று முள்ளம்மா பிறகு சொன்னார். வைக்க வேண்டியவள் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பெட்டி சரியாக மாட்டப்பட்டிருக்கிறது என்று அவன் மேலே சொல்லிவிட்டான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் சொன்ன முதல் பொய். முள்ளம்மா அந்த எண்ணைச் சோதிப்பதில்லை. சோதித்தால் முள் குச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். வரிசையில் நின்றவர்கள் எங்கும் போய்விடவில்லை, பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது அக்கா பேசுவது தெளிவாகக் கேட்கும். அவளுக்குத்தான் அவர்களைக் கேட்காது.

அக்கம்பக்கத்தில் அக்கா தேறிவிட்டாள் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படித்தான் தெரிகிறது. வேளைக்குச் சாப்பிடுகிறாள், உடம்பும் கொஞ்சம் பூசியிருக்கிறது. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நாள் முழுக்கத் தைக்கிறாள். குவிந்திருந்த துணிகளெல்லாம் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. தைத்துக்கொண்டே பேசுகிறாள். நூல் விலை, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது, தம்பியின் அழிச்சாட்டியம் எல்லாம்.

கத்தரி தினமும் வேலை முடிந்து வருகிறான். வந்ததும் முதலில் கதவோரம் பெட்டியின் திருகுகளை ஒரு முறை இறுக்கிப் பார்க்கிறான். பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்போதும் சொல்வதைச் சொல்கிறான்.

"அக்கா, வெச்சிடுக்கா."

அவள் ஊசியில் நூலைக் கோத்தபடி, எந்த வருத்தமும் இல்லாமல், வெளியே போயிருக்கும் புருஷனைப் பற்றிப் பேசுகிற மனைவியின் குரலில் சொல்கிறாள்.

"அவர் சொல்லட்டும்டா. வெக்கிறேன்."